கிப்லி டிபியும் பன்னிரண்டு பாட்டில் போஸ்டர் கலரும்

2025 மார்ச் கடைசி வாரம் ஞாபகம் இருக்கா? கிளாஸ் குரூப்ல ஒருத்தன் தன்னோட போட்டோவை சாட்ஜிபிடிகிட்ட குடுத்து கிப்லி ஸ்டைல்ல மாத்திப் போட்டான். ராத்திரிக்குள்ள பாதிப் பேர் பெரிய கண்ணும் சிவந்த கன்னமுமா ஆயிட்டாங்க. நானும்தான். பைக்ல சாஞ்சு நிக்கிற என் படத்துக்குப் பின்னால இருந்த ரப்பர் தோட்டத்தை அது ஜப்பான் காடா மாத்தி வச்சிருந்தது. கொள்ளாமேன்னு நினைச்சேன். மூணாம் நாள் டிபியை மாத்தியாச்சு.

அந்தக் காட்டை முதல்ல யார் வரைஞ்சதுன்னு தேட வச்சது என் நண்பன். புதுக்கடையில இருந்து தினமும் பஸ்ஸில் வர்றவன். பேர் போடாதேன்னு சொல்லியிருக்கான். அதனால இந்தக் கட்டுரையில அவன் வெறும் புதுக்கடைக்காரன்.

கிப்லி படங்களோட பச்சைக்குப் பெரிய காரணம் கஸுவோ ஓகா என்கிற பின்னணி ஓவியர். 1988-ல் வந்த 'மை நெய்பர் டோட்டோரோ'வில் வயலும் மரமும் வானமும் அவர் கைவேலை. அவர் பயன்படுத்தியது நிக்கர் என்கிற ஜப்பான் கம்பெனியோட போஸ்டர் கலர். ஆமா மக்கா, போஸ்டர் கலர். ஆறாம் கிளாஸ் ஓவியப் போட்டிக்கு நாம கேமல் பாட்டில்ல தண்ணி ஊத்திக் கலக்குனோமே, அதோட சொந்தக்காரன்தான். பெரிய இடத்துல இந்தக் குடும்பத்துக்குப் பேரு குவாஷ்.

குவாஷ்னா ஒளிபுகாத நீர்வண்ணம். சாதாரண வாட்டர்கலர்ல பேப்பரோட வெள்ளைதான் வெளிச்சம்; இருட்டா போட்ட இடத்தைத் திரும்ப வெளிச்சமாக்குறது பெரும்பாடு. குவாஷ்ல நிறமித்தூள் அதிகம், பிசின் கம்மி. கருப்புக்கு மேல மஞ்சளை வைக்கலாம். காய்ஞ்சா பளபளக்காது, ஸ்கேன் பண்ணும்போது கண் கூசாது. அச்சுக்குப் படம் போடுறவங்க இதைப் பிடிச்சுக்கிட்டதுக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஒரே தொல்லை, ஈரத்துல தெரியிற நிறம் வேற, காய்ஞ்சா வேற. இருட்டு நிறம் வெளுக்கும், வெளிர் நிறம் கொஞ்சம் கறுக்கும். முதல் விஷயம் நமக்குப் புதுசு இல்ல. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது பார்த்திருப்பீங்க. அடிச்ச உடனே சுவர் அழுக்கா தெரியும், காய்ஞ்ச பிறகுதான் வெளுக்கும். துகளுக்கு நடுவுல தண்ணி இருக்கும்போது ஒளிவிலகல் எண் 1.33, தண்ணி போய் காத்து நுழைஞ்சதும் 1. துகளுக்கும் சுத்தி இருக்கிறதுக்கும் வித்தியாசம் கூடக்கூட ஒளி அதிகமா சிதறும். பிசிக்ஸ் பேப்பர்ல ரெண்டு மார்க்குக்கு எழுதினதை ஓவியன் ஒவ்வொரு நாளும் கண்ணால கணக்குப் போடுறான்.

இது வெளிநாட்டுச் சரக்குன்னு நினைச்சா அதுவும் தப்பு. முகலாய, ராஜபுத்திரச் சிற்றோவியங்களுக்குக் கீழ மியூசியம்காரங்க எழுதுறது 'ஒளிபுகா நீர்வண்ணம்'தான். தஞ்சாவூர்ல கம்பெனிக் காலத்து ஓவியர்கள் நெசவாளி, குயவர், பாம்பாட்டின்னு ஜோடி ஜோடியா வரைஞ்ச படங்களும் அதே வகை. இன்னைக்கு அதுல பல படங்கள் லண்டன்ல இருக்கு. 1980-களோட தொடக்கத்துல மத்தியப் பிரதேசத்துப் பட்டன்கர் கிராமத்துல இருந்து போபால் வந்த ஜங்கட் சிங் ஷ்யாம் கையில முதல்ல கிடைச்சதும் போஸ்டர் கலர்தான். சுவர்ல மண்ணால வரைஞ்சவரு காகிதத்துக்கு வந்தாரு, கோண்ட் ஓவியம்னு உலகமே இன்னைக்குச் சொல்ற ஒண்ணு அங்க இருந்து கிளம்புச்சு. அந்த வழியில வந்த பஜ்ஜு ஷ்யாமோட புத்தகங்களைப் போட்டது நம்ம சென்னை தாரா புக்ஸ். அமெரிக்காவுல ஜேம்ஸ் கர்னி, 'டைனோடோப்பியா' வரைஞ்சவர், சின்ன ஸ்கெட்ச்புக்கும் குவாஷ் டியூபும் எடுத்துக்கிட்டு ரோட்டோரத்துல உக்காந்து வரையிறதை யூடியூப்ல போடுறாரு. போய்ப் பாருங்க.

சரி, என் கோபத்துக்கு வர்றேன்.

எங்க சிம்போசியத்துக்கு போஸ்டர் வேணும், மாத்தூர் தொட்டிப்பாலத்தை வச்சு வரைஞ்சு குடுன்னு புதுக்கடைக்காரன்கிட்ட கேட்டாங்க. ரெண்டு ஞாயித்துக்கிழமை அங்க போய் உக்காந்தான். பாலத்துக்குத் தூண் 28, உயரமானது 115 அடி. எந்த இடத்துல இருந்து பார்த்தா எத்தனை தூண் தெரியும், எது தென்னைக்குப் பின்னால மறையும், கான்கிரீட்ல பாசி எந்தப் பக்கம் பிடிச்சிருக்கு, எல்லாம் குறிச்சு வச்சிருந்தான். நாலு ராத்திரி முழிச்சு முடிச்சுக் குடுத்தான். கமிட்டி பார்த்துட்டு 'சூப்பர்டா'ன்னு சொல்லிச்சு. பிரிண்டுக்குப் போனது வேற படம். ஏஐ போட்ட படம். 'இது இன்னும் ரிச்சா இருக்குல்ல' என்றார்கள்.

அந்த ரிச் படத்துல தொட்டிப்பாலத்துக்கு ரோமாபுரி ஆர்ச் இருந்தது! சிவில் படிக்கிற நாம, நம்ம மாவட்டத்துல நிக்கிற ஒரு நீர்ப்பாலத்தோட தூணும் வளைவும் தெரியாத போஸ்டரை அடிச்சு மத்த காலேஜுக்கெல்லாம் அனுப்பிட்டோம். ஒருத்தர்கூட கேக்கல. ஃபிளெக்ஸ்காரருக்குக் காசு போச்சு, சாப்பாட்டுக்காரருக்குக் காசு போச்சு. வரைஞ்சவனுக்கு வாலண்டியர் சர்டிபிகேட். அதுலயும் இன்ஷியல் தப்பு.

ஏஐ வேண்டாம்னு நான் சொல்ல வரல. என் புராஜெக்ட்ல பாதி கோடை அதுதான் எழுதிச்சு, மறைக்க ஒண்ணுமில்ல. நாளைக்குக் காலையில போஸ்டர் வேணும்னா அதுகிட்ட போறதுல அவமானமும் இல்ல. மியாசாகி அன்னைக்கு என்ன சொன்னார்ங்கிற ரீலை எல்லாரும் ஷேர் பண்ணியாச்சு, அதுக்குள்ளயும் நான் போகல. ஆனா ஒருத்தனை நாலு நாள் வரையச் சொல்லிட்டு, அவன் பார்த்ததை மெஷின் பார்க்காததுக்குக் கீழ வைக்கிறது என்ன நியாயம்? அழகு கம்மின்னு சொல்லியிருந்தாகூட அவன் திரும்ப வரைஞ்சிருப்பான். யாருமே சொல்லல.

அதனால இந்த இதழ்கிட்டயே ஒரு கோரிக்கை. (எடிட்டர் அண்ணே, இந்தப் பாராவை வெட்டிராதீங்க.) அடுத்த இதழ்ல இருந்து அட்டைப்படம் நம்ம மாணவர் ஒருத்தர் கையால வரைஞ்சதா இருக்கட்டும். பேர் அட்டையிலேயே வரட்டும், மூலையில எறும்பு சைஸ்ல இல்ல. நிதியில இருந்து வண்ணத்துக்கும் பேப்பருக்குமாவது காசு குடுங்க. ஏஐ படம் போட்டா 'ஏஐ படம்'னு கீழ எழுதுங்க. வாரப் பத்திரிகை அட்டையில மாருதி வரைஞ்ச முகத்தைப் பார்த்து எங்க அம்மா இன்னைக்கும் பேர் சொல்றாங்க. நம்ம அட்டையை யார் வரைஞ்சான்னு கேட்டா நாம என்ன சொல்லுவோம்?

வரைய ஆசை இருந்து பயந்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கு: பன்னிரண்டு பாட்டில் செட் போதும், ஒரு பிரியாணி காசோட கொஞ்சம் சேர்த்தா கிடைச்சிரும். வெயில்ல மாட்டி வச்சா நாளடைவில நிறம் மங்கும், ஆர்ட்டிஸ்ட் குவாஷ் அளவுக்குத் தாங்காது. பழக அது போதும். வெள்ளை பாட்டில் மட்டும் ரெண்டா வாங்குங்க, அதுதான் முதல்ல தீரும்.

புதுக்கடைக்காரன் வரையிறதை நிறுத்தல. போன சிவராத்திரிக்கு முந்தின நாள் முஞ்சிறை திருமலைக் கோயில்ல சிவாலய ஓட்டம் கிளம்புறதை வரைஞ்சான், காவி வேட்டியும் பனையோலை விசிறியுமா. தேங்காப்பட்டணத்து வள்ளங்கள் ஒரு நோட்டு நிறைய இருக்கு. இப்போ பெரிய பேப்பர்ல 1954 ஆகஸ்ட் 11 வரையிறான். தமிழ்நாட்டோடு சேரணும்னு போராடினவங்க மேல புதுக்கடையில போலீஸ் சுட்ட நாள். ஜங்ஷன்ல அன்னைக்குக் கடைகளுக்கு ஓலைக் கூரையா, ஓடான்னு ஊர்ப் பெரியவங்ககிட்ட கேட்டுக்கிட்டு அலையிறான். ஒரு தாத்தா ஓலைங்கிறாரு, இன்னொரு தாத்தா ஓடுங்கிறாரு. அந்த இடத்தை மட்டும் இன்னும் வெள்ளையாவே விட்டு வச்சிருக்கான்.