பாக்கெட்டுக்குத் தனிக் காசு

எரிச்சலோடுதான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூணாறில் நண்பன் மகள் கல்யாணத்துக்கென்று ஆன்லைனில் அளவு கொடுத்துத் தைக்கச் சொன்ன சட்டை வந்து சேர்ந்தது. கழுத்து பரவாயில்லை, கை நீளம் சரி. ஆனால் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்தால் சட்டை மொத்தமும் கிளம்பி மேலே வருகிறது. கம்பெனிக்கு எழுதினேன். அளவுப்படிதான் தைத்திருக்கிறார்களாம், அளவுச் சட்டையைத் திரும்ப வாங்குவதில்லையாம். பெயரைச் சொல்லி அவர்களுக்கு இலவச விளம்பரம் தர மனமில்லை.

அவர்கள் அளவு கேட்கிற லட்சணத்தைப் பாருங்கள். ‘மார்பு’ என்று ஒரு கட்டம். உடம்பின் சுற்றளவா, சட்டையின் சுற்றளவா? 40 அங்குல மார்புக்காரருக்குச் சட்டை 44 இருந்தால்தான் நிம்மதியாக மூச்சு விடலாம். எதைக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் எண்ணைப் போட்டால் ஒன்று பட்டன் தெறிக்கும், இல்லையென்றால் தொளதொளக்கும். தோளின் சரிவைப் பற்றிக் கேள்வியே கிடையாது. கைக்குழியைப் பற்றியும் இல்லை. கைக்குழியைப் பெரிதாக வெட்டினால் கை தாராளமாக உயரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். அக்குளை ஒட்டி உயரமாக வெட்டினால் கை மட்டும் உயரும். இறக்கி வெட்டினால் கையோடு சட்டையும் புறப்படும். பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கொழிஞ்சாம்பாறை டெய்லர், என் வலது தோள் ஒரு விரல் தாழ்ந்திருப்பதை நான் சொல்லாமலே பார்த்து அதற்கேற்ப வெட்டுகிறவர். காட்டன் என்றால் நனைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் கத்திரியையே எடுப்பார். தீபாவளிக்குக் கொடுத்தால் கார்த்திகைக்குத் தருவார் என்பது வேறு கதை.

ஒப்புக்கொண்டபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. முறையிட 1915 என்ற எண் இருக்கிறது. அழைக்கத்தான் போகிறேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். சட்டையில் பாக்கெட் இல்லை! ஃபார்மல் சட்டைக்குப் பாக்கெட் அழகில்லையாம். வேண்டுமென்றால் தனிக் காசாம். இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் பாக்கெட் புலம்பல் புதிதல்ல; போதுமய்யா என்று கடிதம் போட்டவர்களும் உண்டு. ஆனாலும் சொல்வேன். வேட்டி கட்டுகிறவனுக்கு உலகத்திலேயே இருக்கிற ஒரே பை அதுதான். பேனா, கண்ணாடி, எல்லையில் கோபாலபுரத்தில் இறங்கி மாறினால் இரண்டு அரசாங்கத்து பஸ் டிக்கெட், டாக்டர் சீட்டு எல்லாம் அங்கேதான். மெல்லிய வெள்ளைச் சட்டைப் பையில் ஜெயலலிதா படம் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு ஒரு கட்சியே நடமாடிய காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பையைப் போய் அழகில்லை என்கிறார்கள்.

அந்தச் சட்டையோடுதான் மூணாறு போனேன். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழி. ஒரு கேரளத்திலிருந்து இன்னொரு கேரளத்துக்குத் தமிழ்நாட்டின் குறுக்கே போக வேண்டும். 1956இல் கோடு போட்டவர்கள் எங்களுக்கு விட்டுவைத்த பாதை அது. மறையூர் தாண்டித் தேயிலை தொடங்கியதும் சரிவில் பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு, இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஷீட், சேலைமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை. எத்தனை தடவை பார்த்த காட்சி. பாக்கெட் ஞாபகத்திலேயே போனதாலோ என்னவோ, இந்தத் தடவை கண் அங்கேதான் போனது. கட்டம் போட்ட சட்டை போட்ட ஓர் அம்மாவின் பாக்கெட் புடைத்திருந்தது. பாலித்தீன் கவர் சுற்றிய போன்.

நண்பனின் அம்மா அங்கே எஸ்டேட்டில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாண வீட்டில் அவரிடம் கேட்டேன், சேலைமேல் சட்டை எதற்கு என்று.

“சேலையில பையா வச்சிருக்கு தம்பி? வெத்தலைய எங்க வைக்க, போன எங்க வைக்க?” என்றார். “கவாத்து வெட்டின குச்சி கையக் கிழிச்சுப்புடும். அட்டை வேற.”

யாருடைய சட்டை?

“அவுகளுதுதான். அவுகளுக்கு அரைக்கைதான் புடிக்கும். நான்தான் முழுக்கையாப் பாத்து எடுப்பேன். எப்படியும் ரெண்டு வருசத்துல எனக்குத்தானே வரப்போகுது!”

கணவருக்குச் சட்டை எடுக்கும்போதே தனக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார். ஆனால் அளவு? ஆணின் தோள்பட்டைத் தையல் அவருக்கு மேல்கையின் பாதியில் தொங்கும். கையை நீட்டி இடத்தைக் காட்டினார். கைநுனியை இரண்டு மடிப்பு மடித்தாலும் மழையில் நனைந்து கனத்து விரல்மேல் இறங்கும். கொழுந்து வெட்டக் கத்திரி பிடிக்கிற கையில் அது ஆபத்து. அதனால் ரப்பர் பேண்ட் போடுவார்களாம். சாயங்காலம் மணிக்கட்டில் அது பதிந்த தடம் இருக்குமாம். ஆண் சட்டையின் கைக்குழி இறக்கம், அதனால் கையைத் தூக்கும்போதெல்லாம் நனைந்த துணியின் கனத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை கை போய் வருகிறது! கல்யாணத்துக்கு ஒரு நாள் போடுகிற சட்டைக்கு நான் இவ்வளவு குதிக்கிறேன்.

சட்டம் போட்டவர்கள் உடுப்பை மறந்துவிடவில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 17ஆம் பிரிவு குடை, கம்பளி, மழைக்கோட்டு பற்றிப் பேசியது. மழையையும் குளிரையும் நினைத்தார்கள். குச்சியையும் பையையும் நினைக்கவில்லை. கேரளத்தில் வீடு வீடாகக் குப்பை எடுக்கிற ஹரித கர்மசேனைப் பெண்களுக்குப் பச்சைக் கோட்டு இருக்கிறது. தமிழ்நாட்டுத் தூய்மைப் பணியாளர்களும் சேலைமேல் கோட்டு போடுகிறார்கள். தேயிலைச் சரிவில் நான் பார்த்ததெல்லாம் வீட்டு ஆண்கள் கழித்த சட்டை. போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததை எதிர்த்து 2015 செப்டம்பரில் மூணாறையே மறித்து 20 சதவீதம் வாங்கியவர்கள் இந்தப் பெண்கள். ஒரு சட்டைக்கும் அவர்களேதான் ரோட்டில் உட்கார வேண்டுமா?

பெரிய வேலையில்லை. பெண்ணின் தோளுக்கு வெட்டிய தோள்பட்டை, உயரமான கைக்குழி, மணிக்கட்டில் தளர்வான எலாஸ்டிக், சீக்கிரம் உலரும் துணி, மூடியும் பட்டனும் வைத்த பாக்கெட் இரண்டு. கட்டம் போட்ட பக்கத்தில் எண்ணை நிரப்பச் சொல்லாமல், ஆளை நிறுத்தி டேப் பிடித்து அளக்க வேண்டும். தைத்துக் கொடுக்கக் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் இருக்கிறார்கள். தோட்டக் கம்பெனிகள் ஆர்டர் கொடுக்கட்டும், ஜூன் மழைக்கு முன்னால்.