ஆபரேஷன் பில் 4 லட்சம். அதுக்கு அப்புறம் வர்ற பில்லுக்குப் பணம் வச்சிருக்கீங்களா?



நம்ம சேனல்ல பழைய வீடியோக்களைப் பார்த்துட்டு புதுசையும் பார்க்கிறவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "சார், எப்படி இவ்வளவு இளைச்சீங்க? வாக்கிங்கா, டயட்டா?" இத்தனை நாளா சிரிச்சு மழுப்பிட்டேன். இன்னிக்கு நேராவே சொல்லிடறேன். ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். 34 வயசுல, 128 கிலோ எடையில, ஸ்லீவ் ஆபரேஷன். இரைப்பையில முக்கால்வாசிக்கு மேல வெட்டி எடுத்துட்டு, மீதியை வாழைப்பழ அளவுக்கு ஒரு குழாய் மாதிரி விட்டுடுவாங்க. இது மூணாவது வருஷம். இப்ப 88 கிலோ.

மழுப்பினதுக்குக் காரணம் வெட்கம்தான். "வாயைக் கட்ட முடியாம காசைக் கொடுத்து இளைச்சிருக்கான்"னு சொல்லிடுவாங்களோன்னு பயம். சொந்தக்காரங்க சிலர் சொல்லவும் செஞ்சாங்க. ஆனா என் நண்பர் ஒருத்தருக்கு நடந்ததைப் பார்த்த பிறகு, வாயை மூடிக்கிட்டு இருக்கறது சரியில்லைன்னு தோணிச்சு.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை, ஆடிட்டர். யாருக்கு ஆபரேஷன் தேவை, யாருக்குத் தேவையில்லைன்னு நான் சொல்ல மாட்டேன். பணத்தைப் பத்தி மட்டும் பேசறேன். என் கருத்து இதுதான்: இது ஆடம்பரச் செலவு இல்லை. ஆனா ஒரு தடவை பணம் கட்டினா முடிஞ்சு போற செலவும் இல்லை. ஆபரேஷனுக்கு மட்டும் கணக்குப் போட்டுட்டு, அதுக்கு அப்புறம் வர்ற வாழ்க்கைக்குப் பணம் ஒதுக்காம விடறதுதான் பெரிய தப்பு.

முன்னாடி: நான் எழுதாத கணக்கு

"நாலு லட்சமா? வயித்தைக் குறைக்கவா?" அம்மா கேட்டது இது. அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து ஏழு வருஷ பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்தேன். ஊர் கணக்கெல்லாம் பார்க்கிறவன் என் கணக்கைப் பார்த்ததே இல்லை.

மூணு தடவை வருஷச் சந்தா கட்டி, ஒவ்வொரு தடவையும் ரெண்டு மாசம் போன ஜிம்: 54,000. டயட் பேக்கேஜ், டப்பா டப்பாவா பவுடர்: 1,10,000. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்ததால வாங்கின சிபேப் மெஷினும் மாஸ்க்கும்: 62,000. நாலு வருஷமா சுகர், பிரஷர் மாத்திரை, டெஸ்ட்: 1,20,000. நடக்கிற தூரத்துக்கெல்லாம் ஆட்டோ, கேப் பிடிச்சது மாசம் 1,500 வீதம்: 1,26,000.

கூட்டினா 4,72,000 ரூபாய். இவ்வளவும் செலவு பண்ணி எடை 11 கிலோ ஏறியிருந்தது. டெர்ம் இன்சூரன்ஸ்ல எடைக்காகக் கட்டின கூடுதல் பிரீமியம் இதுல சேரலை. பஸ்ல பக்கத்து சீட்காரர் முகம் சுளிச்சதுக்கும், பொண்ணு ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேயில பெற்றோர் ஓட்டத்துக்குக் கூப்பிட்டப்போ போன் வந்த மாதிரி வெளியே போனதுக்கும் கணக்கு எழுத முடியாது.

அதனால "ஆபரேஷன் பண்ணாட்டி செலவு இல்லை"ங்கறது தப்பான கணக்கு. செலவு ஏற்கெனவே ஓடிக்கிட்டுதான் இருக்கு. ஒரே பில்லா வராததால கண்ணுக்குத் தெரியறதில்லை.

பாலிசி விஷயம்: படிக்காம கையெழுத்துப் போடாதீங்க

என் பில் 4,10,000. இன்சூரன்ஸ் கொடுத்தது 3,42,000. ரூம் வாடகை வரம்பைத் தாண்டினதுக்கும், பாலிசியில வராத சில்லறைப் பொருளுக்கும் 68,000 கையில இருந்து கட்டினேன். அதுவும் சும்மா வரலை. முதல் அப்ரூவல் நிராகரிக்கப்பட்டது. தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட், சுகர் ரிப்போர்ட், டாக்டர் கடிதம் எல்லாம் அனுப்பின பிறகுதான் கிடைச்சது.

இந்தியாவுல ஹெல்த் பாலிசியில எடைக் குறைப்பு சிகிச்சை 'விலக்கு' பட்டியல்லதான் இருக்கும். ஆனா ஐஆர்டிஏஐ வகுத்த பொது விதிப்படி, நாலு நிபந்தனையும் சேர்ந்து இருந்தா அந்த விலக்கு பொருந்தாது. டாக்டர் பரிந்துரை இருக்கணும். மருத்துவ நெறிமுறைப்படி அந்த ஆபரேஷன் தேவைப்படணும். வயசு 18 ஆகியிருக்கணும். பிஎம்ஐ 40 அல்லது அதுக்கு மேல இருக்கணும்; 35 அல்லது அதுக்கு மேல இருந்தா, கூடவே இதய நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா, கட்டுப்படாத டைப் 2 சுகர் மாதிரி பட்டியல்ல உள்ள ஒரு பிரச்சினை இருக்கணும், அதுவும் உடம்பு குறைக்க மத்த வழியில முயற்சி பண்ணித் தோத்த பிறகு.

இந்த 40, 35 கணக்கு 1991ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் சொன்னது. 2022லேயே சர்வதேச சர்ஜன் அமைப்புகள் அதை மாத்திட்டாங்க. 35 இருந்தாலே சிபாரிசு பண்ணலாம், ஆசியர்களுக்கு 27.5ல இருந்தே யோசிக்கலாம்னு சொல்லிட்டாங்க. அப்ப என்ன ஆகுது? உங்களுக்கு பிஎம்ஐ 33ன்னு வைங்க. டாக்டர் "பண்ணலாம்"னு சொல்லுவார். பாலிசி "கொடுக்க முடியாது"ன்னு சொல்லும். ரெண்டு பேரும் அவங்கவங்க புத்தகப்படி சரி. நடுவுல மாட்டறது உங்க சம்பளம்.

நான் தப்பிச்சது ஒரே காரணத்தால. 29 வயசுல சொந்தமா பாலிசி எடுத்தேன், எடையை மறைக்காம எழுதினேன். பிரீமியம் ஏத்தித்தான் போட்டாங்க, மனசு கேட்கலை. ஆனா காத்திருப்புக் காலம் முடிஞ்சு, 34ல அதுதான் கை கொடுத்தது. அன்னிக்கு ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 4 வருஷம் வரை காத்திருக்கணும். 2024 ஏப்ரல்ல இருந்து அது அதிகபட்சம் 3 வருஷம்.

நண்பர் கதை

கூடப் படிச்சவர். ஓ.எம்.ஆர்ல ஒரு ஐ.டி. கம்பெனியில வேலை. என்னைப் பார்த்துதான் அவரும் ஆபரேஷனுக்குப் போனார். ஆபீஸ் குரூப் பாலிசி இருக்கேன்னு சொந்தமா எதுவும் எடுக்கலை. கேட்டுப் பார்த்தா, கம்பெனி எடுத்த பாலிசியில இந்த ஆபரேஷன் முழுசா வெளியே. 4 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீத வட்டி, 3 வருஷம். இஎம்ஐ 13,671.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. முதல் வருஷம் 36 கிலோ குறைஞ்சார். ரெண்டாவது வருஷம் வீட்டு வாடகை ஏறிச்சு, குழந்தை பிறந்தது. எதை வெட்டினார் தெரியுமா? வைட்டமின் மாத்திரையையும் ரத்த டெஸ்ட்டையும். "நல்லாத்தானே இருக்கேன்"னார்.

ஸ்லீவ் பண்ணினவங்களுக்கு பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் சாப்பாட்டுல இருந்து மட்டும் போதுமான அளவு சேராது. வாழ்நாள் முழுக்க மாத்திரை, வருஷா வருஷம் டெஸ்ட். இதுல பி12 உடம்புல கொஞ்சம் சேமிப்பா இருக்கும். நிறுத்தின உடனே தெரியாது. சம்பளம் வராத மாசத்துல எஃப்டியை உடைச்சுச் சாப்பிடற மாதிரி உடம்பு சேமிப்பைக் கரைச்சுக்கிட்டே இருக்கும். தீர்ந்த பிறகுதான் மணி அடிக்கும். அவருக்குக் கால் விரல் மரத்துப் போச்சு, படி ஏறினா மூச்சு வாங்கிச்சு. பழைய எடைதான் திரும்ப வருதோன்னு பயந்து போய் டாக்டரைப் பார்த்தார். ரத்த சோகை, பி12 அடிமட்டம். ஊசி போட்டு இப்ப தேறிட்டார், ஆனா மரப்பு முழுசா போகலை.

அவர் கடன் வாங்கினது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். சுகரும் மூச்சுத் திணறலும் இருக்கிறவரை "பணம் சேரட்டும், காத்திரு"ன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை? தப்பு எங்கேன்னா, ஆபரேஷன் பில்லுக்கு மட்டும் கணக்குப் போட்டது. அதே கடனை 5 வருஷத்துக்கு எடுத்திருந்தா இஎம்ஐ 9,307. மொத்தத்துல வட்டி சுமார் 66,000 கூடும்தான். "கடனைச் சீக்கிரம் அடைங்க"ன்னு எல்லா வீடியோவுலயும் கத்தறவன் நான். ஆனா இந்த ஒரு கடன்ல மட்டும் நீண்ட காலத்தை எடுங்கன்னு சொல்லுவேன். மாசம் மிச்சமாகிற 4,364 ரூபாய்தான் உங்க மாத்திரை, புரோட்டீன், டெஸ்ட். கையில பணம் வந்தா அப்புறம் முன்கூட்டியே அடைச்சுக்கலாம்.

பின்னாடி: என் மாசக் கணக்கு

மாத்திரை 1,600. புரோட்டீன் 2,400. டெஸ்ட், டாக்டர் ஃபீஸை மாசக் கணக்காப் பிரிச்சா 1,000. ஆக மொத்தம் 5,000. சுகர் மாத்திரை நின்னதுல 2,500, கேப்ல 1,500, ராத்திரி பிரியாணி ஆர்டர்ல சுமார் 3,000 மிச்சம். கூட்டிக் கழிச்சா எனக்கு லாபம்தான். ஆனா மிச்சம் தானா சேமிப்பாகாது. எடுத்து வைக்கலைன்னா வேற எங்கேயாவது போயிடும்.

முதல் வருஷத்துல யாரும் சொல்லாத செலவும் உண்டு. பத்து மாசத்துல மூணு சைஸ் மாறினேன். துணிக்கு மட்டும் 35,000. கல்யாண மோதிரம் கை கழுவும்போது கழண்டு விழுந்து, நகைக்கடையில சின்னதாக்கினேன். தொங்கற தோலை எடுக்கற ஆபரேஷன் பொதுவா அழகு சிகிச்சைன்னு பாலிசியில வராது. நான் பண்ணிக்கலை, முழுக்கைச் சட்டையோட வாழப் பழகிட்டேன்.

பணத்துல சேராததும் சொல்றேன். நாலாவது மாசம் முடி கொட்டிச்சு, அப்புறம் வளர்ந்துச்சு. கல்யாண வீட்டுல ஒன்றரை இட்லியோட எழுந்தா "சாப்பாடு பிடிக்கலையா?"ன்னு கோச்சுக்கறாங்க. செப்டம்பர்ல டேக்ஸ் ஆடிட் நெருக்கடியில தண்ணி குடிக்க மறந்து ஒரு தடவை டிரிப்ஸ் ஏத்த வேண்டி வந்தது. ஒரே மடக்கா குடிச்சு ஈடுகட்ட இப்ப வயித்துல இடம் இல்லை. 84 கிலோ வரை இறங்கி, 4 கிலோ திரும்ப வந்திருக்கு. சுகர் போயிடுச்சான்னு கேட்டா, டாக்டர் "அடங்கியிருக்கு"ன்னுதான் சொல்றார். ஆனா போன வருஷ ஸ்போர்ட்ஸ் டேயில ஓடினேன். கடைசியாத்தான் வந்தேன். பொண்ணு கை தட்டினா.

நீங்க என்ன பண்ணணும்?

1. இப்பவே சொந்தமா ஹெல்த் பாலிசி எடுங்க. எடையை உள்ளபடி எழுதுங்க. மறைச்சா கிளெய்ம் நேரத்துல அதுதான் எதிரி.

2. ஆபீஸ் பாலிசியில இந்த ஆபரேஷன் உண்டான்னு ஹெச்.ஆருக்கு மெயில்ல கேட்டு, பதிலை எழுத்துல வாங்குங்க.

3. ஆபரேஷன் தேதி வாங்கறதுக்கு முன்னாடி, ரெண்டு வருஷப் பின்செலவுக்கு 1,20,000 தனியா எஃப்டியில போடுங்க. அதை அவசர நிதியில சேர்க்காதீங்க.

4. "பேக்கேஜ் எவ்வளவு?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "ரெண்டாவது வருஷம் என்னை யார் பார்ப்பாங்க?"ன்னு கேளுங்க. பதில் இல்லாத ஆஸ்பத்திரி எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்.

பக்கத்து சீட்டுல யாராவது இந்த ஆபரேஷன் பண்ணிட்டு வந்தா, "குறுக்கு வழி"ன்னு சொல்லாதீங்க. அவங்க தினமும் மாத்திரை டப்பாவைத் திறக்கறதை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. என் நண்பர் மாதிரி யாராவது அதைத் திறக்கறதை நிறுத்தியிருந்தா, இந்தப் பதிவை அனுப்புங்க.

பாலிசி விலக்குப் பட்டியலை எப்படிப் படிக்கணும்னு அடுத்த வீடியோவுல வரிவரியா பார்ப்போம். உங்க பாலிசியை எடுத்து வச்சிருங்க.