பதில் முகாமையாளரை நிரந்தரமாக்கலாமா?

கடந்த வாரம் கொக்கட்டிச்சோலையிலுள்ள எமது பசளைக் கடையில் கணக்குப் பார்த்துக் கொண்டிருந்தேன். கடையைப் பொறுப்பாக நடத்தி வரும் தம்பி தேநீரை மேசையில் வைத்துவிட்டு, சற்றுத் தயங்கி நின்று கேட்டார்: "முதலாளி, இன்னும் எத்தின மாசத்துக்கு நான் பதில்?"

நியாயமான கேள்விதான். முன்பிருந்த முகாமையாளர் செப்டெம்பரில் கட்டாருக்குப் போய்விட்டார். புதியவர் ஒருவரைத் தேடும்வரை என்று சொல்லி, தராசடியில் நின்ற இந்தத் தம்பியிடம் சாவியைக் கொடுத்தேன். வயது இருபத்தாறு. இதற்கு முன் ஒரு பெட்டிக் கடையைக் கூட நடத்திய அனுபவம் இல்லை. ஆனால் பெரும்போக விதைப்புக் காலத்தில் விற்பனை முந்திய வருடத்தை விடக் கூடியிருக்கிறது. முன்பு முகத்தைச் சுளித்துக்கொண்டு போன விவசாயிகள் மீண்டும் கடைக்கு வருகிறார்கள். அப்படியிருக்க, ஏன் இன்னும் 'பதில்'?

தம்பி பின்னேரங்களில் ஊர்க் கழகத்துக்கு உதைபந்தாட்டம் ஆடுபவர். மென்செஸ்டர் யுனைட்டட் கழகத்தின் தீவிர ரசிகர். அவருக்கு நான் சொன்ன பதிலும் அந்தக் கழகத்தின் கதைதான். வர்த்தகப் பக்கத்தில் பந்து எதற்கு என்று வாசகர்கள் கேட்கக் கூடும். அந்தக் கழகம் 2012ஆம் ஆண்டு முதல் நியூயோர்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு கம்பனி. இங்கிலாந்தில் முகாமையாளர் என்பவர் பயிற்சி கொடுப்பதோடு நிற்பவரும் அல்லர். யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது, யாரை வாங்கச் சொல்வது என்று கம்பனியின் பெருந்தொகைப் பணம் அவருடைய தீர்ப்பில்தான் ஓடுகிறது. அவரை நியமிப்பது முழுக்க முழுக்க ஒரு வியாபார முடிவே.

2018 டிசம்பர் 18ஆம் திகதி ஜோசே மொரின்யோவைக் கழகம் வேலையிலிருந்து நீக்கியது. அணி அப்போது ஆறாம் இடத்தில், முதலிடத்திலிருந்த லிவர்பூலுக்கு 19 புள்ளிகள் பின்னால் கிடந்தது. முன்னணி வீரர்களுக்கும் முகாமையாளருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. மறுநாள், பருவகால முடிவு வரைக்கும் என்று சொல்லி, கழகத்தின் முன்னாள் வீரர் ஓலே குன்னார் சோல்ஷேரை அழைத்து வந்தார்கள். 1999 சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் கடைசி நிமிடத்தில் வெற்றிக் கோலை அடித்தவர். ரசிகர்களின் செல்லப்பிள்ளை. ஆனால் முகாமையாளராக அவர் சாதித்ததெல்லாம் நோர்வேயின் மோல்டே கழகத்தில்தான். இங்கிலாந்து லீக்கில் அவர் பார்த்த ஒரே கழகம் கார்டிஃப். அது 2014இல் தரமிறங்கியது.

அவர் வந்ததும் அணி தொடர்ச்சியாக எட்டு ஆட்டங்களை வென்றது. 2019 மார்ச் 6ஆம் திகதி, சொந்த மைதானத்தில் 0-2 என்று தோற்ற பாரிஸ் அணியை அதன் மைதானத்திலேயே 3-1 என வீழ்த்தி அடுத்த சுற்றுக்குப் போனது. பத்தொன்பது ஆட்டங்களில் பதினான்கு வெற்றி. "என்ன யோசனை, கையெழுத்தை வாங்குங்கள்" என்று முன்னாள் வீரர்கள் தொலைக்காட்சியில் சத்தம் போட்டார்கள். மார்ச் 28ஆம் திகதி மூன்று வருட ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது.

அதற்குப் பின்னர் அந்தப் பருவகாலத்தில் மிஞ்சியிருந்தவை பத்து ஆட்டங்கள். வென்றவை இரண்டு. ஆறில் தோல்வி. கடைசி ஆட்டத்தில், ஏற்கனவே தரமிறங்கிவிட்ட கார்டிஃப் அணியிடம் சொந்த மைதானத்தில் 0-2. டிசம்பரில் அவர் முதன்முதலாக 5-1 என்று வென்றதும் அதே கார்டிஃபைத்தான். பருவகால முடிவில் அணி ஆறாம் இடம். அதாவது மொரின்யோ விட்டுப்போன அதே இடம்.

இந்த இடத்தில்தான் ஒரு வியாபாரியின் கண்ணுக்கு ஒன்று உறுத்துகிறது. சோல்ஷேரைக் கையில் வைத்திருக்கும் உரிமை கழகத்துக்குப் பருவகால முடிவு வரை இருந்தது. வேறெந்தப் பெரிய கழகமும் அவர் வீட்டு வாசலில் நிற்கவில்லை. இன்னும் ஆறேழு வாரம் பொறுத்திருந்தால் பத்து ஆட்டங்களின் பெறுபேறு சதச் செலவில்லாமல் மேசைக்கு வந்திருக்கும். அதைப் பார்த்த பிறகும் அவரையே நியமித்திருக்கலாம், அது வேறு விடயம். இலவசமாகக் கிடைக்கவிருந்த தகவலை வேண்டாம் என்று தள்ளிவிட்டு மூன்று வருடக் கடப்பாட்டில் கையொப்பமிட்டார்கள். சந்தையில் நெல் விலை எங்கே போகிறது என்று நாளை தெரியவிருக்கும்போது, இன்று இரவே முழுப் பணத்தையும் கொடுத்து மூடை கட்டுகிறவரை நாம் என்னவென்று சொல்வோம்?

சோல்ஷேர் மோசமானவர் என்று நான் எழுதவில்லை. அடுத்தடுத்த பருவகாலங்களில் அணியை மூன்றாம் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் கொண்டு வந்தார். 2021இல் ஐரோப்பா லீக் இறுதியாட்டத்தில் பெனால்டியில்தான் தோற்றார். ஆனால் ஒரு கிண்ணமும் இல்லை. 2021 ஒக்டோபரில் சொந்த மைதானத்தில் லிவர்பூலிடம் 0-5, நவம்பரில் வட்ஃபோர்டிடம் 1-4. மறுநாள், நவம்பர் 21ஆம் திகதி, வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

பதில் கடமை என்பது நிரந்தர வேலையின் சின்ன வடிவம் என்று நாம் நினைக்கிறோம். அது வேறு வேலை. முதலாவது, ஒருவரை நீக்குவது எப்போதும் நிலைமை அடிமட்டத்துக்குப் போன பிறகுதான். வரண்டு கிடந்த வயலில் யார் காலத்தில் மழை பெய்தாலும் பச்சை தெரியும். இரண்டாவது, பழையவருடைய கோபத்துக்கு ஆளாகி உட்கார்ந்திருந்த வீரர்களுக்குப் புதியவர் வெறும் சிரிப்பைக் கொடுத்தாலே போதும், ஓடுவார்கள். மூன்றாவது காரணம்தான் பெரியது. பதிலாக இருப்பவர் கசப்பான முடிவுகளை எடுக்க வேண்டியதில்லை. பத்து வருடம் ஆடியவரிடம் "உனக்கு இனி இடமில்லை" என்று அவர் சொல்வதில்லை. கோடிக்கணக்கில் கொடுத்து ஆளை வாங்குவதில்லை. சோல்ஷேர் நிரந்தரமான பிறகு, 2019 ஓகஸ்டில், ஹரி மெகுவயர் என்ற பின்கள வீரருக்கு மட்டும் கழகம் 80 மில்லியன் பவுண் கொடுத்தது. அந்தப் பரீட்சை பதில் காலத்தில் அவருக்கு வைக்கப்படவே இல்லை.

நானும் இதே குழியில் விழுந்தவன். பல வருடங்களுக்கு முன்னர் வேறோர் ஊரில் பிடவைக் கடை வைத்திருந்தேன். முகாமையாளர் சுகவீனமாகப் போக, கல்லாவில் இருந்த நல்ல மனிதர் ஒருவரைப் பதிலாக நிறுத்தினேன். வந்தது நோன்பு காலம். பெருநாள் வியாபாரம் அமோகமாக நடந்தது. கணக்கைப் பார்த்து மகிழ்ந்து, பெருநாள் முடிந்த கையோடு அவரை நிரந்தரமாக்கினேன். பெருநாள் மாதத்தில் கல்லாவில் ஒரு தலையணையை வைத்திருந்தாலும் விற்பனை கூடியிருக்கும் என்ற சின்னக் கணக்கு அப்போது எனக்கு ஓடவில்லை. அவருக்கு விற்கத் தெரியும், வாங்கத் தெரியாது. கொழும்பிலிருந்து அவர் இறக்கிய துணி இரண்டு வருடமாக இறாக்கையில் கிடந்து மங்கியது. கடைசியில் அவரைப் போகச் சொன்னேன். நட்டத்தை விட, அருமையான ஒரு கல்லாக்காரரை இழந்ததுதான் இன்றுவரை வலிக்கிறது. திரும்பவும் கல்லாவில் இருங்கள் என்று சொல்ல முடியுமா? குற்றம் அவருடையது அல்ல, என்னுடையது.

இதைச் சொன்னதும் தம்பியின் முகம் வாடிவிட்டது. அனுபவமில்லாதவனுக்குக் கொடுக்கவே கூடாது என்கிறேனோ என்று நினைத்திருப்பார். அப்படியில்லை. ஆர்ஜென்டீனாவைப் பாருங்கள். 2018 உலகக் கிண்ணத் தோல்விக்குப் பிறகு லியோனல் ஸ்கலோனியைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். அவர் அதுவரை எந்தப் பெரிய அணிக்கும் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்ததில்லை. நாடு முழுதும் ஏளனம். சில மாதங்களில் நிரந்தரமாக்கினார்கள். 2019 கோபா அமெரிக்காவில் மூன்றாம் இடம்தான். ஆனாலும் அவரை மாற்றாமல் பொறுத்தார்கள். 2021இல் கோபா அமெரிக்கா, 2022இல் கட்டாரில் உலகக் கிண்ணம், 2024இல் மீண்டும் கோபா. பழைய ஆட்களை ஒதுக்கிவிட்டு இளைஞர்களைக் கொண்டு அணியைப் புதிதாகக் கட்டும் கசப்பான வேலையை அவர் பதில் காலத்திலேயே ஆரம்பித்திருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவரிடம் எடைபோட ஏதோ ஒன்று இருந்தது. வெற்றி எண்ணிக்கை அல்ல அது.

செல்சி கழகம் வேறு விதமாகப் பிழைவிட்டது. 2012 மார்ச்சில் பதிலாக வந்த ரொபர்ட்டோ டி மத்தேயோ இரண்டரை மாதத்தில் எஃப்.ஏ. கிண்ணத்தையும் சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தையும் கொண்டு வந்தார். அவருக்குக் கொடுக்காமல் விட முடியாத நிலை. ஜூனில் இரண்டு வருட ஒப்பந்தம். அதே வருடம் நவம்பர் 21ஆம் திகதி நீக்கம். (சோல்ஷேருக்கும் அதே திகதி. பதில்காரர்களுக்கு ஆகாத நாள் போலும்!) ஊருக்காகக் கொடுத்த நாற்காலி அது, முதலாளி மனதார நம்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. அவருக்குப் பிறகு வந்த ரபாயேல் பெனிட்டஸ், 'இடைக்கால' என்ற பெயரோடே வந்து, ரசிகர்களின் கூச்சலையும் தாங்கி, 2013 மேயில் ஐரோப்பா லீக்கை வென்று கொடுத்துவிட்டுச் சொன்னபடி போய்விட்டார். நிரந்தரமில்லாதவர் சொல்லை யார் கேட்பார்கள் என்று வாதிடுவோருக்கு இந்த ஒருவர் போதும்.

அயல் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 2021 ஜனவரியில் இந்தியாவின் நோர்த் ஈஸ்ட் யுனைட்டட் கழகம் வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளரை நீக்கிவிட்டு, உதவியாளர் காலித் ஜமீலைப் பதிலாக நிறுத்தியது. 2017இல் மிசோராமின் சின்னஞ்சிறிய ஐஸோல் கழகத்தை ஐ-லீக் சம்பியனாக்கியவர் அவர். அணியைத் தோல்வியே இல்லாமல் அரையிறுதிவரை கொண்டு சென்றார். ஒக்டோபரில் நிரந்தரம். இந்தியன் சுப்பர் லீக்கில் நிரந்தரத் தலைமைப் பயிற்றுவிப்பாளரான முதல் இந்தியர். ஆனால் அடுத்த பருவகாலம் பதினொரு அணிகளில் பத்தாவது இடம். அந்தக் கழகத்திலிருந்து விலகிய பின் அவர் சோர்ந்து விடவில்லை. ஜம்ஷெட்பூர் அணியை 2024-25 பருவத்தில் அரையிறுதிக்குக் கொண்டு வந்தார். 2025 ஓகஸ்டில் இந்தியத் தேசிய அணியே அவர் கைக்கு வந்தது. பதில் காலமும் அவரைச் சரியாகக் காட்டவில்லை, பத்தாவது இடமும் காட்டவில்லை. ஆளை அறியப் பல பருவங்கள் தேவைப்பட்டன.

நமது நாட்டில் சனத் ஜயசூரியவின் நியமனம் பலருக்கும் ஞாபகமிருக்கும். 2024 ஜூலையில் இடைக்காலப் பயிற்றுவிப்பாளரானார். ஓகஸ்டில் இந்தியாவுக்கெதிரான ஒருநாள் தொடர், 27 வருடங்களுக்குப் பிறகு. செப்டெம்பரில் ஓவலில் டெஸ்ட் வெற்றி, காலியில் நியூசிலாந்துக்கு எதிராக 2-0. ஒக்டோபர் 7ஆம் திகதி, 2026 மார்ச் வரை முழுநேர நியமனம் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு தென்னாபிரிக்காவில் டெஸ்ட் 0-2, சொந்த மண்ணில் அவுஸ்திரேலியாவிடம் 0-2. ஆயினும் அந்த நியமனத்தை நான் பிழை சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் பதினெட்டு மாதம்தான். கிரிக்கெட் நிறுவனம் தான் ஏற்கும் ஆபத்தை அளந்து வைத்திருந்தது.

எனவே என் அபிப்பிராயம் இது. ஓர் உதைபந்தாட்டக் கழகம் அனுபவமில்லாத பதில் முகாமையாளரை நிரந்தரமாக்கலாம். ஆனால் பருவகாலத்தின் நடுவில், வெற்றி மயக்கத்தில் செய்யக் கூடாது. பதிலாக இருக்கும்போதே கசப்பான வேலைகளை அவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வேலைகளுக்குரிய சம்பளத்தையும் அப்போதே கொடுத்துவிட வேண்டும். 'பதில்' என்ற சொல்லை வைத்து ஒருவரை மலிவாக வேலை வாங்குவது அநியாயம். நமது கடைகளில் அது நடக்கிறது. வருடக் கணக்கில் நடக்கிறது.

படுவான்கரையில் இதெல்லாம் புதிதல்ல. மண்முனைத் துறையில் பாதையில் ஏறி வந்த காலம் முதல் எனக்குப் பழக்கமான ஒரு முதிய போடியார், பாலம் திறந்த 2014க்குப் பிறகும் கடைக்கு வந்தால் அரைமணி நேரம் பேசாமல் போகமாட்டார். அன்றும் வாங்கில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டிருந்தார். "தம்பி, பயிர் பச்சையா நிக்கக்குள்ள எந்த முல்லைக்காரனும் கெட்டிக்காரன்தான். சூடு மிதிச்சு, களவெட்டியில நெல் அளந்த பிறகுதான் நாங்க அடுத்த போகத்தப் பத்திப் பேசுறது" என்றார்.

எங்கள் கடைக்கும் அதே கணக்குத்தான். விதைப்புக் காலத்தில் பசளை விற்பது சுலபம். யாருக்குக் கடன் கொடுப்பது என்பதையும் இதுவரை நான்தான் தொலைபேசியில் சொல்லி வந்தேன். அந்தக் கடனை அறுவடை முடிய, மாசியிலும் பங்குனியிலும் அறவிடுவதுதான் முகாமையாளர் வேலை. கடன் கொப்பியில் தம்பியின் மாமாமார் பெயரும் இருக்கிறது, அவரோடு பந்தடிப்போரின் தகப்பன்மார் பெயரும் இருக்கிறது. பங்குனிக் கணக்கு முடியட்டும் என்றேன். முகாமையாளருக்குரிய சம்பளம் இந்த மாதத்திலிருந்தே என்றும் சொன்னேன்.

தம்பி கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப கடன் கொப்பிய என்ட கையில தாங்க முதலாளி. ஆருக்குக் குடுக்கிற, ஆருக்கு இல்லையெண்டுற எண்டத நான்தான் சொல்லணும். இடையில நீங்க போன் அடிக்கப்படாது. பிழைச்சா என்னக் கேளுங்க."

கொப்பியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு தடவை தொலைபேசியைக் கையில் எடுத்து, எடுத்த கையோடு கீழே வைத்தும் விட்டேன்.