ரீல்ஸ் பார்த்து டிக்கெட் போடாதீங்க... பனிச்சறுக்கு டூருக்கு எங்கே, எப்போ போகலாம்?

குல்மார்க் பனியில் யாரோ சறுக்கிக்கொண்டு வரும் ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீங்க. அடுத்த நிமிஷமே ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் 'இந்த வருஷம் நாமளும் போலாமா?' என்று மெசேஜ் விழுந்திருக்கும். தாராளமா போகலாம். ஆனா ஹோட்டல் தேடுவதற்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு: நீங்கள் போகும் தேதியில் அங்கே பனி இருக்குமா?

2024 ஜனவரியில் போனவர்களிடம் கேட்டுப் பாருங்க. வெள்ளை வெளேர்னு இருக்க வேண்டிய குல்மார்க், காய்ந்த புல்வெளியாகக் கிடந்தது. மாதக் கடைசியில்தான் பனி எட்டிப்பார்த்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளின் குல்மார்க் சுற்றும், போதிய பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது.

ஏன் இப்படி?

மத்தியத் தரைக்கடல் பக்கமிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள்தான் இமயமலைக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டு வருகின்றன. அவை வலுவிழந்தாலோ, தாமதமானாலோ சீஸனே சொதப்பிடும். வெப்பம் கூடினால், பனியாக விழ வேண்டியது மழையாகப் பெய்துவிடும். 'அப்போ சுவிட்சர்லாந்து போயிடலாமே' என்றால், அங்கும் கவலைதான். ஐரோப்பாவின் 2,234 பனிச்சறுக்கு மையங்களை ஆராய்ந்து 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று, புவி வெப்பம் 2 டிகிரி உயர்ந்தால், செயற்கைப் பனி இல்லாத நிலையில் அவற்றில் 53 சதவிகிதம் கடும் பனிப் பற்றாக்குறை அபாயத்தில் இருக்கும் என்கிறது.

எந்த இடம், யாருக்கு?

குல்மார்க்: சுமார் 2,650 மீட்டர் உயரம். இங்குள்ள கோண்டோலா கேபிள் கார் இரண்டு கட்டமாக மேலே போகும். கீழே பனி குறைந்தாலும், மேலே கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால், இரண்டாம் கட்டம் கிட்டத்தட்ட 4,000 மீட்டரைத் தொடும். கைக்குழந்தையோ, இதயம், மூச்சுப் பிரச்னை உள்ள தாத்தா பாட்டியோ கூட வந்தால், முதல் கட்டத்தோடு நிறுத்திக்கோங்க.

சோலாங்: மணாலிக்குப் பக்கத்திலேயே இருக்கு. முதன்முதலா ஸ்கீ காலில் மாட்டும் பிள்ளைகளுக்கு ஏற்ற சரிவுகள். இங்கே பனி இல்லாவிட்டால், 2020-ல் திறந்த அடல் சுரங்கப்பாதை வழியாக லாஹௌல் பக்கம் போய்ப் பனியைப் பார்த்துவிட்டாவது வரலாம்.

அவுலி: நந்தாதேவி சிகரத்தைப் பார்த்துக்கொண்டே சறுக்கலாம். ஆனால், 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் விரிசல் விட்டபோது ரோப்வே நிறுத்தப்பட்டது. ரோப்வே ஓடுதா, சாலை எப்படி இருக்குன்னு விசாரித்துவிட்டுக் கிளம்புங்க.

லீவுதான் சிக்கல்!

நம்ம ஊர் அரையாண்டு லீவு டிசம்பர் கடைசியில், பொங்கல் லீவு ஜனவரி நடுவில். பனியோ இப்போதெல்லாம் ஜனவரி கடைசி, பிப்ரவரி என்று தாமதமாக வருது. பிள்ளைகளுக்கு நாலு நாள் ஸ்கூல் லீவு போட முடியும் என்றால் பிப்ரவரியே பெட்டர். முடியாதா? டிசம்பரில் உயரமான இடமாகப் பார்த்துப் போங்க. 'ஸ்கீ கத்துக்கலாம்'னு சொல்லிக் கூட்டிட்டுப் போகாம, 'பனி இருந்தா போனஸ்'னு சொல்லி வையுங்க. தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டா பார்த்து எடுங்க. ஒரே நாளில் போய்த் திரும்பாமல் குறைந்தது இரண்டு இரவு தங்குங்க.

காஷ்மீர் என்றால் இன்னும் சில விஷயங்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு, கிளம்பும் வாரத்துப் பாதுகாப்பு நிலவரத்தைப் பார்ப்பது அவசியம். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது. ஒருத்தரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும். குறியிட்ட சரிவைத் தாண்டிப் போகவே போகாதீங்க; 2024 பிப்ரவரியில் குல்மார்க் பனிச்சரிவில் வெளிநாட்டு ஸ்கீ வீரர் ஒருவர் உயிரிழந்தார்.

போன இடத்தில் பனியே இல்லையா? ஸ்லெட்ஜ் இழுக்கும் அண்ணனிடம் கோபப்படாதீங்க. நமக்கு ஒரு லீவுதான் போச்சு. அவர் வருஷம் முழுக்க நம்பியிருப்பது அந்த ரெண்டு மூணு மாசப் பனியைத்தான்.