பழைய வீடும் புது வாடகையும்

சென்ற வாரம் நண்பரொருவர் தம் துணைவியாருடன் நம்மிடம் வந்தார். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர். திருகோணமலையில், உட்துறைமுகத்திற்கு அண்மையில், கூரையிடிந்த பழைய வீடொன்று மலிவாக விலைக்கு வருகிறதாம். அதனை வாங்கித் தாமே முன்னின்று செப்பனிட்டு வாடகைக்கு விடலாமென்பது அவர் எண்ணம். அம்மையாரோ, சற்றுக் கூடக் கொடுத்தாலும் உடனே ஆளைக் குடியிருத்தக்கூடிய வீடே வேண்டுமென்கிறார். இருவரும் தத்தம் வழக்கை நம் முன் வைத்தனர்.

நாம் முதலிற் காகிதத்தை எடுத்தோம். பழைய வீடு அறுபது இலட்சம், திருத்த வேலை இருபத்துநான்கு, ஆயத்த வீடு நூறு இலட்சம் என்று ஓர் உதாரணக் கணக்குப் போட்டோம். பதினாறு இலட்சம் ஆதாயமென்று நண்பர் முகமலர்ந்தார். ஆனால் திருத்த வேலை சொன்ன தொகைக்குள் முடிந்த வீட்டை யாம் கண்டதில்லை. மூன்றிலொரு பங்கு மிஞ்சினாலே எட்டு இலட்சம் போயிற்று. வேலை எட்டு மாதம் இழுபட்டால், மாதம் முப்பத்தையாயிரம் ரூபாவாக, வாடகையிலும் இரண்டு இலட்சத்து எண்பதினாயிரம் போயிற்று. எஞ்சுவது ஐந்து இலட்சத்துச் சொச்சமே. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது சீமெந்தின் விலை ஓராண்டுக்குள் இருமடங்குக்கு மேல் ஏறியதை மறந்தவர் யார்?

துறைமுகத்தை அடுத்த வீடுகளுக்கு வேறொரு பகையுமுண்டு. உப்புக்காற்று கொங்கிறீற்றின் வெடிப்பு வழியே புகுந்து உள்ளிருக்கும் கம்பியைத் துருவேற்றும். துருவேறிய கம்பி பருத்து, மேற்பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். அதன்மேற் புதுச் சாந்து பூசி வெள்ளையடிப்பது புண்ணை மூடிவைப்பதற்கே ஒப்பாகும். ஆயத்த வீடென்று விற்கப்படுவனவற்றுள்ளும் இவ்வாறு மூடப்பட்ட புண்கள் உண்டு என்பதை அம்மையாருக்கும் சொன்னோம். அவர் அதை அவ்வளவாக விரும்பவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையிற் சென்று பாருங்கள். ஒழுக்கும் ஓதமும் தாமே பேசும். கறையானைப் பற்றி ஓடாவியாரைக் கேளுங்கள், விற்பவரைக் கேளாதீர்கள்.

இவையெல்லாவற்றினும் பெரிது உறுதி பற்றிய கேள்வி. அவ்வீட்டின் கூரை ஏன் இடிந்தது? உரியவர் எங்கே? 1983 முதல் 2009 வரையிலான போர்க்காலத்தில் இம்மாவட்டத்தைவிட்டுப் போனவர் பலர். பிறர் பத்தாண்டு இருந்து ஆண்டுவிட்டால் ஆட்சியுரிமை கோரலாமென்பது பொதுச் சட்டம். ஆயினும் போராற் காணியை அனுபவிக்க முடியாது போனோர்க்கு அக்காலத்தைக் கணக்கிற் சேர்க்காது வழக்கிட 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. மலிவென்று வாங்கிய வீட்டின் வாசலில், பிரான்சிலோ கனடாவிலோ இருந்து ஒருவர் பழைய உறுதியோடு வந்து நின்றால், நண்பர் என்ன விடை சொல்வார்? சட்டம் கிடக்கட்டும், அவர் முகத்தைப் பார்க்கவும் வேண்டுமல்லவா?

ஆளிருக்கும் வீட்டை வாங்குவதாயின், 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் குடியிருப்பவர்க்கு அளித்த பாதுகாப்பு அவருக்குப் பொருந்துமாவென்று சட்டத்தரணியிடம் அறிந்த பின்னரே முற்பணம் கொடுக்கவேண்டும்.

வாடகைக்கு வருவோர் யாரென்பதையும் நினைத்தோம். 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் கைமாறியபோது, அதை நம்பி வாழ்ந்தோர் பலர் வேலையிழந்தனர். தொழில் போன ஊரில் வாடகை நிலைக்குமா? சீனன்குடாவின் மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் பின்னர் வந்தவை. அவற்றின் ஊழியர்க்கு ஏற்ற வாடகையையே நண்பர் கணக்கிலிடவேண்டும். சுற்றுலாப் பயணியின் பணத்தையன்று.

நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், காணிப் பதிவகத்திற் தேடிப்பார்க்கும்படி நொத்தாரிசிடம் சொல்லிவிட்டு, தேடல் முடியும்வரை ஒரு சதமும் கொடுப்பதில்லையென்றார். அம்மையார் அதுவரை ஆயத்த வீடுகளைப் பார்த்துவருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். மழை தொடங்கட்டும் என்றோம்.