தானியக் குவியலுக்குள் நுழைந்த கை



வாலாஜாபாத் வழியே ஒரகடம் நோக்கிச் செல்லும் கண்டெய்னர் லாரிகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். முத்திரையிட்ட பெட்டிக்குள் இருப்பதை ஓட்டுநரும் அறியார். உடன் வரும் காகிதத்தையே எல்லோரும் நம்புகிறோம்.

அந்தக் காகிதம் பொய் சொல்வதுண்டு. 2021 ஏப்ரலில் தூத்துக்குடித் துறைமுகத்தில், மரத்தடிகள் வந்த கண்டெய்னர் ஒன்றில் 300 கிலோவுக்கும் மேற்பட்ட கொக்கைன் பிடிபட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில், டால்க் கற்கள் எனப் பதிவான இரு கண்டெய்னர்களில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் சிக்கியது.

இத்தகைய மோசடியைத் தடுக்கவே துறைமுகங்களில் எக்ஸ்-ரே ஸ்கேனர்கள் நிறுவப்படுகின்றன. பெட்டியைத் திறவாமலேயே உள்ளிருக்கும் சரக்கின் அடர்த்தி வேறுபாட்டை அவை படமாகக் காட்டுகின்றன. வேறொரு கருவி, சரக்கின் மேற்பரப்பைத் துடைத்தெடுத்த துணியில் போதைப்பொருளின் நுண்துகள் இருப்பின் சில நொடிகளில் அறிவிக்கிறது.

"பிறர் பொருளைத் துருவி ஆராய்வது மார்க்கம் தடுத்த செயலல்லவா?" என்று சிலர் கேட்கக்கூடும். நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் தம் கையை நுழைத்துப் பார்த்தார்கள். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம் இருந்தது. ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி பதிவாகியுள்ளது. தனிமனிதரின் அந்தரங்கத்தைத் துருவுவது வேறு. மக்களைச் சென்றடையும் சரக்கைச் சோதிப்பது வேறு. ஸ்கேனர் அந்தக் கையின் வேலையையே செய்கிறது.

ஆயினும் கருவிக்கும் எல்லை உண்டு. மரமும் போதைத்தூளும் படத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றக்கூடும். சந்தேகத்துக்குரிய நிழல் தெரிவதனாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். பெட்டியைத் திறந்து, ஆய்வகத்தில் உறுதி செய்தல் வேண்டும். நியாயமும் அதுவே.

எந்தக் கருவியாலும் காண இயலாத ஒன்றும் உண்டு: மனிதனின் எண்ணம். கமிஷனுக்காகத் தன் பெயரில் இறக்குமதி உரிமம் எடுத்துக் கொடுக்கும் இளைஞரும், வளைகுடா செல்கையில் அறிமுகமற்றவரின் பார்சலைச் சுமக்கும் சகோதரரும், "எனக்குத் தெரியாது" என்று கூறினால் போதும் என எண்ணுகின்றனர். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 35-ஆம் பிரிவில், குற்ற எண்ணம் இருந்ததாகவே முதலில் கொள்கிறது. இல்லையென்று நிரூபிப்பது குற்றஞ்சாட்டப்பட்டவரின் பொறுப்பு. சிங்கப்பூரிலும் சவூதியிலும் மரண தண்டனை வரை செல்லும். அறியாததைப் பின்தொடராதீர், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்றே அல்குர்ஆனும் (17:36) நம்மை எச்சரிக்கிறது.

ஆகவே, கையொப்பமிடும் முன்பும் பார்சலைச் சுமக்கும் முன்பும் குவியலுக்குள் நம் கையே முதலில் நுழையட்டும். திறந்து காட்ட மறுப்பவரின் பொருளை, அவர் உறவினரேயாயினும், மறுத்துவிடுவோம். சங்கடம் ஒரு நாழிகைதான். சிறையோ ஒரு குடும்பத்தின் ஆயுள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் போதையின் தீங்கிலிருந்தும், அதைச் சுமக்கும் பழியிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.