உண்டியலில் விழுந்தது யாருடைய காசு?

 

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் உண்டியல் பக்கம் நிற்கிற தொண்டர்கள் நாங்க வாரா வாரம் பார்க்கிற காட்சி இது. பிள்ளை ஓடி வந்து "அப்பா, ஒரு வெள்ளி கொடுங்க" என்று கை நீட்டும். அப்பா எடுத்துக் கொடுப்பார். பிள்ளை உண்டியலில் போடும். பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனால் அது அப்பாவோட காணிக்கை. பிள்ளைக்கு அதில் ஒரு காசும் குறையல.

இதைச் சொல்ல எங்களுக்கே தகுதி குறைவுதான். எங்க வீட்டு மூத்தவன் படிக்கிற காலத்தில் தினமும் கேட்டதைக் கொடுத்தோம். தீர்ந்தால் மறுபடி கொடுத்தோம். நாம பட்ட கஷ்டம் பிள்ளை படக்கூடாது என்கிற நினைப்பு. வேலைக்குப் போன பிறகும், சம்பளம் வாங்கிய பத்தாம் நாளே கை நீட்டினான். அப்புறம் எங்களுக்குத் தெரியாமல் வெளியே வட்டிக்கு வாங்கினான். அதை அடைக்க அவங்க அம்மா சங்கிலி அடகுக் கடைக்குப் போச்சு. தப்பு அவன் மேல் மட்டும் இல்லை. தீர்ந்தால் மறுபடி வரும் என்று பழக்கியது நாங்கதான்.

இளையவளுக்கு மாற்றிக்கிட்டோம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, வாரத்துக்குச் சேர்த்து 15 வெள்ளி, சில்லறையாகக் கையில். நாம கைப்பேசியில் ஸ்கேன் பண்றதைத்தான் பிள்ளைங்க பார்க்குது, காசு குறையறதைப் பார்க்கிறதில்லை. அதான் சில்லறை. மூன்று காலி மைலோ டின்: செலவு, சேமிப்பு, சாமிக்கு. எதில் எவ்வளவு என்பது அவள் இஷ்டம்.

முதல் வாரம் புதன்கிழமையே செலவு டின் காலி. அழுதாள். நாங்க கொடுக்கல. பட்டினியும் போடல, ரெண்டு நாள் வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்தோம். மனசு கேட்கலதான். ஆனால் 15 வெள்ளியில் முடிகிற பாடம், சங்கிலியை அடகு வைத்துப் படிக்கிற பாடத்தை விட மலிவு.

"வீட்டு வேலை செய்தால்தான் காசு கொடுக்கணும்" என்று சிலர் சொல்றாங்க. எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. தன் தட்டைக் கழுவவே 50 காசு வாங்கிப் பழகிய பிள்ளை, நாளைக்கு அன்னதானத்தில் எச்சில் இலை எடுக்க வருமா? வீட்டு வேலை கடமை. காசு, காசைப் பழகுவதற்கு. இரண்டையும் கலக்க வேண்டாம்.

இன்னொன்று. தீபாவளி ஆங்பாவ் காசைப் "பத்திரமா வைக்கிறேன்" என்று வாங்கி நாமே செலவழிக்கிறோமே, அதை நிறுத்துவோம். பிள்ளை பெயரில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்பில் போட்டு, தொகையை அவங்களுக்கே காட்டுவோம்.

போன வெள்ளிக்கிழமை எங்க மகள் உண்டியல் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பூப்பந்து ராக்கெட் வாங்கக் காசு சேர்க்கிறாள், அதனால் யோசனை. கடைசியில் இரண்டு 20 காசு போட்டாள். எங்களுக்குத் தெரிந்து அதுதான் அவள் போட்ட முதல் காணிக்கை.

அடுத்த வாரம் ஆலயத்துக்கு வரும்போது உண்டியல் பக்கத்தில் பிள்ளைக்குக் காசு எடுத்துக் கொடுக்காதீங்க. அவங்க காசிலிருந்து கொண்டு வரட்டும். 10 காசு போதும்.